எக்ஸெல் ஜெயபாரதியும் இரண்டு பெயர் மேப்பும்

ஜெயபாரதி வண்டியை நிறுத்துவதைப் பார்ப்பதற்கென்றே ஒரு நிமிடம் நிற்கலாம். சேர வேண்டிய கேட்டுக்குப் பத்தடி முன்பே ஆக்சிலேட்டரை விட்டுவிடுவாள். இடது செருப்பைத் தரையில் தேய்த்தபடி அந்தப் பழைய எக்ஸெல் வண்டியை அரைவட்டம் சுற்றி, வந்த தடத்தைப் பார்த்து அதன் முகத்தைத் திருப்பி வைப்பாள். அதற்கப்புறம்தான் எஞ்சின் நிற்கும், ஸ்டாண்டு விழும், அவள் இறங்குவாள். துணி பீஸ் பண்டலோடு கம்பெனிக்குப் போனாலும் இப்படித்தான். ரேஷன் கடைக்குப் போனாலும் இப்படித்தான். தைப்பூசத்துக்கு ஆயிரம் வண்டிக்கு நடுவே நிறுத்தினாலும் இப்படித்தான்.

"உள்ள போறதுக்கு முன்னாலயே வெளிய வர்றதுக்கு ரெடி பண்றவ என்ற பொண்டாட்டி. பந்தியில உக்காந்தாக்கூட வாசலப் பாத்துத்தான் உக்காருவா" என்று அவள் கணவன் அருள்செல்வன் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான். அயர்ன் மாஸ்டர், நின்ற இடத்தில் நின்று வேலை செய்கிறவன்.

"திரும்பற நேரம் மிச்சமாகுதல்லங்க" என்பாள் ஜெயபாரதி.

முப்பத்தொன்பது வயது. அருள்புரத்தில் ஒரு கட்டிங் யூனிட்டில் டெலிவரி வேலை. வெட்டிய பனியன் துணியைப் பண்டலாகக் கட்டி வண்டியில் ஏற்றி, பிரிண்டிங்குக்குக் கொண்டுபோவாள். பிரிண்டிங்கில் இருந்து எம்பிராய்டரிக்கு, அங்கிருந்து தையலுக்குத் திரும்ப யூனிட்டுக்கே. ஒரு நாளைக்கு நாற்பது நடை. எட்டாவதோடு படிப்பை விட்டு, டெய்லருக்குத் துணி மடித்துக் கொடுத்து, பிசிறு வெட்டி, செக்கிங் டேபிளில் நின்று பார்த்தாள். ஒரே இடத்தில் இருப்பது அவளுக்கு ஒத்துவரவில்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் டெலிவரிக்காரன் வராமல் போக, "நான் கொண்டு போறனுங்க" என்று சாவியைக் கையில் வாங்கியவள்தான். அந்தச் சாவி அப்புறம் யார் கைக்கும் போகவில்லை.

அருள்புரத்துச் சந்துகளில் அவளுக்குத் தெரியாத சந்து கிடையாது. சாக்கடையில் ஓடும் தண்ணீரின் நிறத்தைப் பார்த்து, மேலே எந்த டையிங் சாயப்பட்டறையில் இன்றைக்கு மெரூன் ஓடுகிறது என்று சொல்வாள். எம்பிராய்டரி மிஷின் கடகடவென்று அடிக்கும் சத்தத்தை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு இது எந்த முக்கு என்பாள். ஆனால் இதெல்லாம் ஒரு படிப்பு என்றோ, இதைக் கற்றுக்கொள்ள ஒரு பிள்ளை நோட்டும் பென்சிலுமாக வந்து நிற்கும் என்றோ அவள் கனவிலும் நினைத்ததில்லை.

வினிதா டீச்சர் யூனிட்டுக்குத் தேடி வந்தது ஒரு மத்தியானம். பக்கத்து அரசுப் பள்ளியில் சாரணியர் படைக்குப் பொறுப்பு அவர்தான். கூடவே நீலச் சீருடையில், கழுத்தில் ஸ்கார்ஃப் கட்டிய ஒரு பத்தாம் வகுப்புப் பெண். ஒல்லி. பேச்சைக் காணோம். சட்டைக் கையில் மட்டும் வட்ட வட்டமாகத் துணிப் பேட்ஜ்கள்.

"இவ கிருத்திகாங்க. சாரணியர்ல ஒவ்வொரு தெறமைக்கும் ஒரு பேட்ஜு உண்டு. அந்தத் தெறமை இருக்கற பெரியவங்க ஒருத்தருகிட்டப் போய்ப் பழகோணும், அப்பறம் வேற ஒருத்தர் வந்து டெஸ்டு வெப்பாரு. பாருங்க, இது சமையல், மெஸ் வெச்சிருக்கற அக்காகிட்டப் பழகினது. இது முதலுதவி, நர்ஸம்மாகிட்ட. இது சைக்கிள், பங்ச்சர் கடைக்காரரு ரெண்டு மாசம் சொல்லிக் குடுத்தாரு."

"நல்லதுங்க. இதுல நான் எங்க வாறேன்? பிசிறு வெட்டறதுக்கும் பேட்ஜு இருக்குதுங்களா?"

டீச்சர் சிரித்தார். "பாத்ஃபைண்டர்னு ஒண்ணு இருக்குதுங்க. சுத்துவட்டாரத்துல எல்லாத் தடமும் தெரியோணும். மேப் போடோணும். வெளியூர்க்காரருக்கு வழி சொல்லோணும். அதுக்கு நீங்கதான் பயிற்றுநர்."

"நானா?" ஜெயபாரதி பண்டலைக் கீழே வைத்தாள். "டீச்சர், நான் எட்டாங்கிளாஸுங்க. அதுலயும் சமூக அறிவியல்ல பெயிலு."

"மேப்புல எல்லாம் பெயிலாகலையே?"

"மேப்புலதானுங்க பெயிலு!"

அதுவரை வாயைத் திறக்காத கிருத்திகா அப்போது பேசினாள். "இந்தப் பேட்ஜு ஒண்ணுதானுங்க்கா பாக்கி. இது கெடைச்சா கவர்னர் விருதுக்குப் பேரு போகும். ஜனவரி கடைசித் திங்கக்கிழமையோட லிஸ்டு மூடிருவாங்க. அடுத்த வருஷம் நான் பாலிடெக்னிக் போயிருவேன். அங்க சாரணியர் கெடையாது."

ஜெயபாரதி அந்தப் பிள்ளையின் சட்டைக் கையை ஒருமுறை பார்த்தாள். பேட்ஜ்களின் வரிசையில் கடைசியாக ஒரு வட்டத்துக்கான இடம் காலியாக இருந்தது. உள்ளே பெண்கள் தைக்கும் சத்தம் நின்று எல்லாத் தலையும் வாசலைப் பார்த்தது. ஜெயபாரதி டீச்சராகப் போகிறாளாம்!

"ஞாயித்துக்கெழம காலைல ஏழு மணிக்கு வா கண்ணு. லேட்டானா விட்டுட்டுப் போயிருவேன்" என்றாள். குரல் அவளையறியாமல் ஒரு சுதி ஏறியிருந்தது.

நாலு ஞாயிறு. நாலும் நோம்பித் திருவிழா மாதிரி போயிற்று.

இரண்டு பேரும் ஒன்றுக்கொன்று ஒட்டாத சாதி. ஜெயபாரதி பறப்பாள், கிருத்திகா எண்ணுவாள். "இங்கிருந்து அக்கட்ட ஒரு வீச்சுல போயிரலாம்" என்று ஜெயபாரதி கையை நீட்டினால், கிருத்திகா இறங்கி அடி வைத்து நடந்து, "நூத்தி நாப்பத்தி ரெண்டு அடிங்க்கா" என்று நோட்டில் எழுதுவாள். அவள் குடும்பம் அவிநாசிபாளையத்தில் இருந்து இங்கே வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. அப்பா ஒரு டையிங்கில் பாய்லர் பார்க்கிறார். எதையும் ஒருமுறைக்கு இருமுறை சரிபார்க்கிற குணம் அவரிடம் இருந்து வந்திருக்கலாம்.

"இந்த வீதி பேரு என்னங்க்கா?"

"வீதிக்கு எதுக்குக் கண்ணு பேரு? அதென்ன கொழந்தையா, கூப்பிட்டா ஓடி வரதுக்கு? இது கோகிலம் நிட்டிங் முக்கு. எழுதிக்கோ. இங்க எடது. நேராப் போனா ரெட்டைக்கிளி பனியன் முக்கு. அங்க வலது. வெள்ளிமணி டையிங்கத் தாண்டுனா கவர்மெண்டு ஆஸ்பத்திரி. முடிஞ்சுது."

கிருத்திகா நிமிர்ந்து பார்த்தாள். கோகிலம் நிட்டிங் என்று ஜெயபாரதி கைகாட்டிய இடத்தில் ஒரு பேக்கரி இருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் தேங்காய் பன். அவள் ஏதோ கேட்க வாயெடுத்தாள். அதற்குள் எக்ஸெல் நகர்ந்துவிட்டது. "ஏறு ஏறு, வெயிலுக்கு முன்னால போலீஸ் ஸ்டேஷன் தடத்தப் பாத்துப் போடலாம்!"

கம்பெனிகள் வருவதும் போவதும் இந்த ஊரில் மழை வெயில் மாதிரி. இன்றைக்கு நாற்பது மிஷின் ஓடும். மூன்று வருஷம் கழித்து அதே ஷெட்டில் கோழி வளரும். ஆனால் முதலில் வந்த கம்பெனியின் பெயர் அந்த முக்கில் ஒட்டிக்கொண்டால் ஒட்டிக்கொண்டதுதான். டவுன் பஸ் கண்டக்டரும் அந்தப் பெயரைத்தான் சொல்லி இறக்குவார், தண்ணீர் லாரிக்காரரும் அதைச் சொல்லித்தான் போன் பண்ணுவார். கம்பெனி செத்தாலும் முக்கு சாகாது. அதில் ஒரு விசேஷம் இருப்பதாக ஜெயபாரதிக்குத் தோன்றியதே இல்லை. கோகிலம் மூடிப் பதினோரு வருஷம் ஆகிறது என்பதையே அவள் யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.

மேப் தயாரானது. பெரிய சார்ட்டில் கறுப்பு மையில் ஸ்கேல் வைத்துப் போட்ட கோடுகள். பதினோரு முக்கு, ஆஸ்பத்திரி, மருந்துக்கடை, போலீஸ் ஸ்டேஷன், ரேஷன் கடை, இரண்டு பஸ் ஸ்டாப், தண்ணீர்த் தொட்டி. கீழே பயிற்றுநர் என்ற கட்டத்தில் ஜெயபாரதி கையெழுத்துப் போட்டாள். சம்பளச் சீட்டில் தவிர வேறெங்கும் கையெழுத்துப் போட்டுப் பழக்கமில்லாதவள், பேனாவை எடுத்து முதலில் கைவிரலில் கிறுக்கிப் பார்த்துக்கொண்டாள். "நம்ம தடமெல்லாம் இத்தன அழகா கண்ணு?" என்று சார்ட்டைத் தூரமாக வைத்தும் கிட்ட வைத்தும் பார்த்தாள். வீட்டுக்குப் போய் அருள்செல்வனிடம் அதைக் காற்றிலேயே வரைந்து காட்டினாள்.

தேர்வு, லிஸ்ட் மூடுவதற்கு முதல்நாள் ஞாயிற்றுக்கிழமை. தேர்வாளர் ஊத்துக்குளியில் இருந்து வந்தார். தங்கராஜ் என்று பெயர். முப்பத்தைந்து வருஷம் தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, கையில் குடை, பையில் இரண்டு பேனா. வந்ததும் டீயை மறுத்தார். சார்ட்டை நாலாக மடித்துக் கையில் எடுத்துக்கொண்டார்.

"நான் வெளியூர்க்காரன். என்ற கூட ஒருத்தரு மயக்கம் போட்டுட்டாரு, ஆஸ்பத்திரிக்கு நான் ஓடோணும். அப்புடி வெச்சுக்குவோம். மேப்ப வெச்சுட்டு நான் முன்னால போறேன். நீங்க மூணு பேரும் பின்னால வாங்க. ஆனா ஒருத்தரும் வாயத் தொறக்கப்படாது. அம்மிணி, உங்களையும் சேத்துத்தான்."

"நான் எதுக்குங்க தொறக்கறேன்?" என்றாள் ஜெயபாரதி. அதுவே வாயைத் திறந்ததுதான்.

தங்கராஜ் குடையை ஊன்றி நடந்தார். ஒவ்வொரு போர்டாக அண்ணாந்து படித்தார். முப்பத்தைந்து வருஷம் முகவரி படித்த கண். பேக்கரி வந்தது. படித்தார். தாண்டினார்.

ஜெயபாரதிக்குப் பகீரென்றது. "அய்யோ, கோகிலம், கோகிலம்…" என்று முனகினாள். வினிதா டீச்சர் அவள் கையைப் பிடித்து அழுத்தினார். கிருத்திகா தரையைப் பார்த்துக்கொண்டு நடந்தாள்.

அவர் போனார், போனார், போய்க்கொண்டே இருந்தார். ரெட்டைக்கிளி பனியன் முக்கில் இப்போது செல்போன் கடை; இடது திரும்பாததால் அந்தப் பக்கமே அவர் போகவில்லை. வெள்ளிமணி டையிங் இருந்த இடத்தில் கார் கழுவிக்கொண்டிருந்தார்கள். அங்கே வரைக்கும் அவர் வரவேயில்லை. அதற்குள் ஒரு சந்தில் திரும்பி, இன்னொரு சந்தில் நுழைந்து, கடைசியில் கட்டிங் வேஸ்ட் மூட்டைகள் மலையாகக் கிடக்கும் ஒரு மொட்டைச் சுவருக்கு முன்னால் போய் நின்றார். மூட்டை மேல் படுத்திருந்த நாய் ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் படுத்தது.

"டாக்டர் இவருதானா?" என்று நாயைக் காட்டிக் கேட்டார் தங்கராஜ்.

ஜெயபாரதி வெடித்துவிட்டாள். "சார், அந்த பேக்கரிதானுங்க கோகிலம் நிட்டிங்! அங்கயே எடது திரும்பியிருக்கோணுமுங்க!"

"பேக்கரிக்குப் பேரு கோகிலம் நிட்டிங்கா?"

"இல்லீங்க, முன்னால இருந்துதுங்க."

"எப்ப?"

"அது… ஒரு பதினோரு வருஷம் இருக்குமுங்க."

தங்கராஜ் சார்ட்டை விரித்து ஒவ்வொரு முக்காகக் கேட்டார். இது இருக்குதா? இல்லீங்க. இது? மூடியாச்சுங்க. இது? அது இப்ப மண்டபமுங்க. பதினொன்றில் ஏழு இல்லை.

"அம்மிணி, இது தடம் காட்டற மேப்பு இல்ல. செத்தவங்க பேரு எழுதி வெச்ச கல்லு. மயக்கம் போட்டவன் இந்நேரம் போய்ச் சேந்திருப்பான்."

ஜெயபாரதிக்குக் காது சூடாகிவிட்டது. பன்னிரண்டு வருஷத்தில் ஒரு பண்டலை மாற்றிக் கொடுத்ததில்லை அவள். இன்றைக்கு ஒரு பிள்ளையின் பேட்ஜைத் தொலைத்துவிட்டாளா? "சார், தப்பு என்றதுங்க. பிள்ள பாவமுங்க. அவ வீதிப் பேரு கேட்டா, நாந்தான் கேலி பண்ணிட்டுப் போயிட்டேன். நாளைக்கு லிஸ்டு மூடிருவாங்க. ஒரு சான்ஸு குடுங்க சார்."

தங்கராஜ் வாட்சைப் பார்த்தார். "மூணு மணி பஸ்ஸுக்கு நான் போகோணும். ரெண்டு மணிக்குள்ள புது மேப்பு கைக்கு வந்தா பாக்கறேன். வரலீன்னா இல்ல."

அப்போது மணி பதினொன்றே முக்கால்.

"ஏறு கண்ணு!"

அடுத்த ஒரு மணி நேரம் எக்ஸெல் ஓடிய ஓட்டத்தை அருள்புரத்தில் பார்த்தவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். பின்னால் கிருத்திகா, மடியில் அட்டை, வாயில் பென்சில். ஞாயிறு என்பதால் தடமெல்லாம் காலி. ஜெயபாரதி தன் வாழ்நாளில் முதல் தடவையாகப் போர்டு படித்தாள். வீதிப் பெயர்ப் பலகைகள் எங்கே இருக்கின்றன என்றே அவளுக்குத் தெரியவில்லை. ஒன்று வேப்பமரத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. ஒன்றின் மேல் யாருக்கோ கண்ணீர் அஞ்சலி. மாலை போட்ட படத்தின் ஓரத்தை மெதுவாகத் தூக்கி, "மன்னிச்சுக்குங்க சாமி" என்று சொல்லிக் கிருத்திகா அடியில் படித்தாள். ஒன்றை யாரோ கழற்றி மாட்டுத் தொட்டிக்கு மூடியாகப் போட்டிருந்தார்கள்.

"அக்கா, இது முல்லை வீதி!"

"கோகிலம் முக்கு முல்லை வீதியா! பன்னெண்டு வருஷமா பீஸ் போடறேன், எனக்கே தெரியாதே!"

"அதுக்கடுத்தது கிழக்குக் குறுக்கு வீதி. அந்தச் சாக்கடைச் சந்து இருக்குதில்லீங்க்கா, அது ரோஜா வீதி."

"என்னது?" ஜெயபாரதி பிரேக்கைப் பிடித்தாள். டையிங் தண்ணீரும் மாட்டு மூத்திரமும் சேர்ந்து ஓடும் அந்தச் சந்தை, மூக்கை மூடிக்கொண்டுதான் ஊரே கடக்கும். "ரோஜா வீதியா! எவன் கண்ணு பேரு வெச்சது? அவனுக்குச் சளி புடிச்சிருந்துதா?"

கிருத்திகா சிரித்தாள். நாலு ஞாயிறில் அவள் பல்லை ஜெயபாரதி பார்த்தது அப்போதுதான். சிரிப்பு தொற்றி, வண்டி ஒரு குழியில் விழுந்து எழுந்தது.

ஒரு மணிக்குப் பஸ் ஸ்டாப் பெஞ்சில் புதுச் சார்ட் விரிந்தது. கிருத்திகா கறுப்பு மையில் வீதிப் பெயர்களை எழுதினாள். பேக்கரி, செல்போன் கடை, கார் வாஷ் எல்லாம் அதனதன் இடத்தில் உட்கார்ந்தன. முடிந்தது என்று ஜெயபாரதி மூச்சு விட்டபோது, கிருத்திகா பையில் இருந்து சிவப்புப் பேனாவை எடுத்தாள். முல்லை வீதிக்குப் பக்கத்தில் சிறியதாக எழுதினாள்: கோகிலம் நிட்டிங் முக்கு.

"என்ன கண்ணு பண்றே?"

"ரெண்டு பேரும் இருக்கட்டுங்க்கா. போர்டுல இருக்கறது கறுப்பு. வாயில இருக்கறது செவப்பு."

"வேண்டா. அதுனாலதான் வந்த வினை. அந்தாளு செவப்பப் பாத்தாருன்னா அந்த எடத்துலயே கிழிச்சுப் போடுவாரு. எழுதாத."

"அழிச்சா மேப்பு பாதிதானுங்க்கா."

"பாதி போதும், பாஸ் ஆனாச் செரி!"

"வேண்டாங்க்கா. முழுசா இருக்கட்டும்."

சத்தம் போடாமல் அடம் பிடிக்கிற பிள்ளைகளை என்ன செய்வது? ஜெயபாரதிக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்படீன்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன். பயிற்றுநர் நானா நீயா?"

கிருத்திகா எழுதுவதை நிறுத்தவில்லை. ரெட்டைக்கிளி பனியன் முக்கு. வெள்ளிமணி டையிங் முக்கு. ஏழையும் எழுதி முடித்துவிட்டுத்தான் தலை நிமிர்ந்தாள்.

"அக்கா, நாளைக்கு உங்ககிட்ட ஒருத்தரு தடம் கேட்டா, ரோஜா வீதின்னு சொல்லுவீங்களா?"

இரண்டு மணிக்கு இன்னும் பத்து நிமிடம்தான் இருந்தது.

"பேனாவக் குடு" என்றாள் ஜெயபாரதி. இந்தத் தடவை கைவிரலில் கிறுக்கிப் பார்க்கவில்லை.

தங்கராஜ் பஸ் ஸ்டாப்புக்கே வந்துவிட்டார். சார்ட்டைப் பார்த்ததும் கறுப்புக்குத் தலையாட்டினார். சிவப்புக்கு வந்ததும் தலை நின்றது.

"இதென்னம்மா?"

"வாய்ப்பேருங்கய்யா" என்றாள் கிருத்திகா. "இங்கத்தவங்க இப்புடித்தான் சொல்லுவாங்க."

"இல்லாத கம்பெனிக்கு எதுக்குப் பேரு? காலைல பட்டது போதாதா?"

ஜெயபாரதி கண்ணால் 'சொன்னனல்ல' என்றாள். கிருத்திகா அசையவில்லை. தங்கராஜ் குடையை பெஞ்சில் சாய்த்தார். "செரி. இந்த ஸ்டாப்புல நிப்போம். என்ற பஸ்ஸு வர்றதுக்குள்ள யாரு வந்து தடம் கேக்கறாங்களோ, அவங்களுக்கு நீ சொல்லு. அவங்க போய்ச் சேந்தா பாஸு. சேரலீன்னா பெயிலு. யாருமே வரலீன்னாலும் பெயிலுதான்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் யார் தடம் கேட்பார்கள்? இரண்டு பஸ் வந்தன. இறங்கியவர்கள் எல்லாம் வாயில் வெற்றிலையோடு நேராக அவரவர் வீட்டுக்குப் போகிறவர்கள். ஜெயபாரதியால் பொறுக்க முடியவில்லை. ஒவ்வொருவராக வழிமறித்தாள்.

"ஏனுங்க, எங்க போகோணுமுங்க? தடம் தெரியலீங்களா?"

"என்ற ஊட்டுக்குப் போக எனக்குத் தெரியாதா? போம்மா அக்கட்ட!"

"பாட்டி, நீங்க?"

"நான் ஏன்டி சொல்றேன்? நீ யாரு, சீட்டுக் கம்பெனியா?"

வினிதா டீச்சர் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்தார். தங்கராஜின் மீசையும் லேசாக ஆடியது. கிருத்திகா மட்டும் சார்ட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். மணி இரண்டே முக்கால். ஊரில் தடம் தெரியாதவன் ஒருவன்கூட இல்லையா? மருதமலை முருகா, ஒரே ஒரு ஆளை வழி தவற வை என்று ஜெயபாரதி வேண்டினாள். இப்படி ஒரு வேண்டுதலை அவன் அதுவரை கேட்டிருக்க மாட்டான்.

மூன்றாவது பஸ்ஸில் இருந்து ஒரு பையன் இறங்கினான். இருபது வயதிருக்கும். முதுகில் பெரிய பை, கையில் கட்டிய பாயும் பிளாஸ்டிக் வாளியும். வடக்கே எங்கிருந்தோ ரயிலில் வந்து இறங்கி நேராக வருகிற முகம். செல்போன் திரையைத் தேய்த்தான், சுற்றிப் பார்த்தான், மறுபடியும் தேய்த்தான்.

ஜெயபாரதி பாயப் போனாள். தங்கராஜ் குடையை நீட்டித் தடுத்தார். "அவனா வந்து கேக்கோணும்."

நாலு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பையன் பேக்கரி விளம்பரத்தைப் பார்த்தான், மின்கம்பத்தைப் பார்த்தான், கடைசியில் கழுத்தில் ஸ்கார்ஃப் கட்டிய பெண்ணைப் பார்த்தான்.

"சிஸ்டர்… கோகிலம் நிட்டிங்? கிதர்… எங்க?"

ஜெயபாரதிக்கு உடம்பெல்லாம் மின்சாரம் ஓடியது. தங்கராஜ் பையனின் போனை எட்டிப் பார்த்தார். போன் மேப்பில் அப்படி ஒரு இடமே இல்லை. "அண்ணன் சொன்னது. கோகிலம் நிட்டிங் பின்னாடி. நீலா கேட். ரூம்" என்றான் பையன். அவனுடைய அண்ணன் இங்கே வந்து ஒன்பது மாதம்கூட ஆகவில்லையாம். வந்த இடத்தில் எல்லாரும் சொல்லும் பெயரை அவனும் சொல்லியிருக்கிறான்.

கிருத்திகா சார்ட்டை விரித்தாள். ஸ்டாப்பில் விரலை வைத்து, தனக்குத் தெரிந்த இந்தியையும் கலந்து சொன்னாள். "இங்க நாம. நேரா… சீதா. நூத்தி நாப்பது அடி. முல்லை வீதின்னு போர்டு, வேப்பமரத்துக்குப் பின்னால." அவனுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது என்று புரிந்ததும் பென்சிலால் சார்ட்டின் ஓரத்தில் ஒரு மரம் வரைந்தாள், ஒரு பன் வரைந்தாள். "மரம். அப்பறம் பேக்கரி. அந்த பேக்கரிதான் கோகிலம் நிட்டிங். கம்பெனி நஹி. பேக்கரி. பின்னால சந்து, அங்க நீலா கேட்."

"பேக்கரி… கோகிலம்?" பையன் விழித்தான். பிறகு முகம் மலர்ந்தது. "அச்சா! பேக்கரி கோகிலம்!" வாளியைத் தூக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனான். அவனுக்குப் பின்னால், இரண்டு பேனாவும் குலுங்க, தங்கராஜ் ஓடினார்.

நேரம் நகரவில்லை. இரண்டு ஐம்பது. இரண்டு ஐம்பத்தைந்து. தூரத்தில் திருப்பூர் பஸ்ஸின் ஹாரன் கேட்டது.

"சாரக் காணமே! பஸ்ஸு போயிருச்சுன்னா கையெழுத்து?" வினிதா டீச்சர் கையைப் பிசைந்தார். ஜெயபாரதி வண்டியை உதைத்துக் கிளப்பிப் பறந்தாள். ஒரு நிமிடத்தில் திரும்பி வந்தாள், பின்னால் தங்கராஜ், ஒரு கையில் குடை, மறு கையில் தேங்காய் பன்.

"சேந்துட்டான்!" பத்தடி தூரத்தில் இருந்தே கத்தினார். "நீலக் கேட்டுல அண்ணங்காரன் நின்னுட்டிருந்தான். என்னையும் அழைச்சு பன்னு வாங்கிக் குடுத்துட்டான்!"

பஸ் வந்து நின்றுவிட்டது. கண்டக்டர் விசிலை வாயில் வைத்தார். "ரெண்டு நிமிசம் சாமி, கவர்னர் சோலி!" என்று ஜெயபாரதி பஸ்ஸுக்கு முன்னால் எக்ஸெலைக் குறுக்கே போட்டாள். தங்கராஜ் அந்த வண்டியின் சீட்டிலேயே படிவத்தை வைத்துத் தேர்ச்சி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பேருந்தின் ஜன்னல்களில் எல்லாம் தலைகள். கிருத்திகா மூன்று விரலை உயர்த்தி விறைப்பாக சல்யூட் வைத்தாள். வைத்த கையோடு அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள்.

படியில் கால் வைத்த தங்கராஜை ஜெயபாரதி விடவில்லை. "ஊத்துக்குளி வந்தா உங்க ஊட்டுக்கு எப்புடீங்க சார் வரோணும்?"

"அதுக்கென்ன அம்மிணி, பழைய டெண்டுக் கொட்டாய் ஸ்டாப்புல எறங்கி…" அவர் நிறுத்தினார். அந்தச் சினிமாக் கொட்டாய் இடிந்து முப்பது வருஷம் ஆகியிருந்தது.

ஸ்டாப்பே சிரித்தது. பஸ் கிளம்பி முக்கு திரும்பும் வரையில் தங்கராஜ் ஜன்னலில் குடையை ஆட்டிக்கொண்டே போனார்.

திங்கட்கிழமை லிஸ்ட் போயிற்று. பங்குனியில் பேட்ஜ் வந்தது. இரண்டு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய துணி வட்டம். அதைக் கிருத்திகாவின் சட்டையில் தைத்துக் கொடுத்தது ஜெயபாரதிதான். யூனிட்டில் சிங்கர் மிஷின் டெய்லர்கள் இருபது பேர் இருக்க, யாருக்கும் கொடுக்காமல் கையாலேயே தைத்தாள். கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது.

வினிதா டீச்சர் தன்னை எப்படிக் கண்டுபிடித்தார் என்று ஜெயபாரதிக்கு வெகுநாள் ஆச்சரியம். உண்மையில் டீச்சர் கண்டுபிடிக்கவில்லை. படிவத்தில் அந்தப் பெயரை எழுதிக் கொடுத்தது கிருத்திகா. ஏன் என்பதை, இந்தக் கதைக்காக நான் விசாரிக்கப் போனபோதுதான் கிருத்திகா சொன்னாள். அவிநாசிபாளையத்தில் இருந்து வந்த முதல் நாள், அப்பாவுக்குச் சாப்பாடு எடுத்துப் போகும்போது தடம் தெரியாமல் நின்றிருக்கிறாள். எக்ஸெலில் பண்டலோடு போன ஒரு அக்காவைக் கேட்டிருக்கிறாள். "காந்திமதி காம்பாக்டிங் முக்குல திரும்பு கண்ணு, அங்கிருந்து மூணாவது கேட்டு" என்று வண்டியை நிறுத்தாமலே சொல்லிவிட்டு அந்த அக்கா போய்விட்டாள். கிருத்திகா இரண்டு மணி நேரம் தேடினாள். காந்திமதி காம்பாக்டிங் மூடி அப்போது ஒன்பது வருஷம். அப்பா அன்றைக்கு டீயும் வர்க்கியும் சாப்பிட்டார். மறுநாள் அந்த முக்கு எதுவென்று கேட்டுத் தெரிந்துகொண்டு அவளே அடி எண்ணி நடந்து பார்த்தாள். அந்த அக்கா சொன்ன திருப்பம் சரி. மூன்றாவது கேட்டும் சரி.